பெத்லகேம் நட்சத்திரம்: எந்த விளக்கம் பன்னிரண்டு வசனங்களையும் தாங்கும்?

நெல்லைவாசகன்:

டிசம்பர் வந்துவிட்டால் பெத்லகேம் நட்சத்திரத்தின் புதிர் அவிழ்ந்துவிட்டதாக ஒரு செய்தி சுற்றுக்கு வந்துவிடுகிறது. ஒரு வருடம் அது வால்மீன் என்கிறார்கள், மறுவருடம் குருவும் சனியும் சேர்ந்தது என்கிறார்கள், அதற்கும் அடுத்த வருடம் வெடித்துச் சிதறிய ஒரு விண்மீன் என்கிறார்கள். இவற்றை எழுதுகிறவர்களில் பலர் மத்தேயு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் உள்ள பன்னிரண்டு வசனங்களை முழுதாக வாசித்ததாகவே தோன்றவில்லை. ஆகவே இந்த இழையில் விவாதத்தை அந்த வசனங்களிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

அங்கே சொல்லப்படுவது சுருக்கமாக இதுதான். கிழக்கிலிருந்து ஞானிகள் எருசலேமுக்கு வந்து, யூதருக்கு ராஜாவாகப் பிறந்தவர் எங்கே, அவருடைய நட்சத்திரத்தைக் கண்டோம் என்கிறார்கள். யூதேயாவின் அரசன் ஏரோது கலங்குகிறான், வேதபாரகர் மீகா தீர்க்கதரிசியின் வாக்கைக் காட்டிப் பெத்லகேம் என்று விடை தருகிறார்கள். ஏரோது ஞானிகளை இரகசியமாக அழைத்து, நட்சத்திரம் தோன்றிய காலத்தை விசாரிக்கிறான். அவர்கள் புறப்பட்டபின் அந்த நட்சத்திரம் அவர்களுக்கு முன்சென்று, பிள்ளை இருந்த இடத்துக்கு மேல் நிற்கிறது. பின்னர் அந்தக் காலக் கணக்கைக் கொண்டே இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்குழந்தைகள் கொல்லப்படுகிறார்கள்.

இதில் என்னை யோசிக்க வைப்பது ஏரோதின் விசாரணை. அரசனும் அவனுடைய அறிஞர்களும் அந்த நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எப்போது தோன்றியது என்று அயலாரிடம் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஊரே அண்ணாந்து பார்க்கும் ஒளியாக அது இருந்திருக்க முடியாது என்று இதிலிருந்து எண்ணுகிறேன். அப்படியானால், பயிற்சி பெற்ற கண்ணுக்கு மட்டும் பொருள் தரக்கூடிய எந்த நிகழ்வு அந்த ஆண்டுகளில் நடந்தது என்பதே சரியான கேள்வி. வானியலும் விவிலிய ஆய்வும் அறிந்தவர்கள் பதில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விண்நோக்கி:

நெல்லைவாசகன் ஐயா கேட்டிருக்கும் விதமே போட்டியிலுள்ள விளக்கங்களின் பட்டியலைப் பாதியாக்கிவிடுகிறது. முதலில் வெளியேற வேண்டியது சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன். 1054ஆம் ஆண்டு சீனர்கள் குறித்துவைத்த வெடிப்பு பகலிலும் தெரிந்தது. அதன் எச்சம் இன்றும் ரிஷப ராசியில் நண்டு நெபுலாவாக நிற்கிறது. அத்தகைய ஒன்று எருசலேமுக்கு மட்டும் தெரியாமல் போயிருக்காது.

அடுத்து, எல்லோரும் வானியலாளர் கெப்ளர் பெயரில் சொல்லும் குரு-சனி சேர்க்கை. 1603 டிசம்பரில் அவர் அந்த இரு கோள்களின் நெருக்கத்தைக் கண்டார்; 1604இல் செவ்வாயும் அதே பகுதிக்கு வந்தபோது, அருகிலேயே ஒரு புதிய விண்மீன் பளிச்சிட்டது. அதை இன்று கெப்ளரின் சூப்பர்நோவா என்கிறோம். பின்னோக்கிக் கணக்கிட்டு, கி.மு. 7இல் இதே இரு கோள்கள் மீன ராசியில் மூன்று முறை நெருங்கின என்றும், மறுவருடம் செவ்வாயும் சேர்ந்தது என்றும் அவர் கண்டறிந்தார். ஆனால் அந்தக் கோள்கள்தாம் நட்சத்திரம் என்று அவர் கூறவில்லை. 1604இல் கண்டதைப் போலவே அன்றும் சேர்க்கையை ஒட்டி ஒரு புதிய விண்மீன் தோன்றியிருக்கும் என்பதே அவருடைய கருத்து. அவர் பெயரால் இன்று பரப்பப்படும் விளக்கம் பெரும்பாலும் பின்னால் வந்தவர்களுடையது.

கி.மு. 7இன் மே, செப்டம்பர் இறுதி, டிசம்பர் ஆகிய காலங்களில் நேர்ந்த இந்த மூன்று நெருக்கங்களிலும் கோள்களுக்கிடையே ஏறத்தாழ ஒரு பாகை இடைவெளி இருந்தது. அதாவது இரண்டு முழுநிலவுகளைப் பக்கத்தில் பக்கமாக வைக்கும் அளவு. 2020 டிசம்பர் 21 அன்று நம்மில் பலரும் மாலை வானில் பார்த்த சேர்க்கையில் இடைவெளி ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான். அப்போதுகூடக் கூர்ந்த பார்வை உடையவர்கள் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிந்தார்கள். ஆகவே இரு கோள்களும் கலந்து ஒரே பெரும் நட்சத்திரமாக ஒளிர்ந்தன என்னும் வாக்கியத்தை எங்கே கண்டாலும் அந்தக் கட்டுரையை மூடிவிடலாம்.

பஞ்சாங்கப்பித்தன்:

ஒளியைக் கொண்டு அளக்காமல் பொருளைக் கொண்டு அளந்தால் குரு-சனி சேர்க்கைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. இரு கோள்களும் சுமார் இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை சேரும். ஆனால் பூமி அவற்றை முந்திச் செல்லும் வேளையில் இரண்டும் வக்கிரமடைந்து, அதாவது பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றி, ஒரே ஆண்டுக்குள் மூன்று முறை நெருங்குவது அரிது. கடைசியாக 1980-81இல் நடந்தது, அடுத்தது 2238-39இல்தான். வானத்தைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் இதைக் கவனிக்காமல் இருப்பானா?

நம் வீடுகளில் பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று எளிதில் விளங்கும். குரு சூரிய ஒளியில் மறையும் அஸ்தங்கமும் மீண்டும் தோன்றும் உதயமும் எந்த நாளில் என்பதை நாம் வானத்தைப் பார்த்து அறிவதில்லை. அச்சிட்ட ஏட்டில் பார்க்கிறோம். பாபிலோனியரும் அப்படியே முன்கூட்டிக் கணித்துக் களிமண் பலகைகளில் எழுதிவைத்தார்கள். கி.மு. 7-6ஆம் ஆண்டுக்குரிய அத்தகைய பலகை ஒன்று சிப்பார் நகரிலிருந்து கிடைத்திருக்கிறது. அதன் பிரதிகளும் உள்ளன. குருவும் சனியும் மீனத்தில் இருப்பதும், அவை தோன்றும் நாளும், நின்று திரும்பும் நாளும் அதில் உள்ளன. நெல்லைவாசகன் கேட்ட 'பயிற்சி பெற்ற கண்' என்பது பாபிலோனில் உண்மையாகவே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பயணக் கணக்கும் பொருந்துகிறது. எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேம் வந்துசேர நான்கு மாதங்கள் ஆயின என்று அவருடைய நூலின் 7ஆம் அதிகாரம் கூறுகிறது. மே மாதச் சேர்க்கையைக் கண்டு கோடை கழியப் புறப்பட்டவர்கள், டிசம்பர் சேர்க்கை தெரியும் காலத்தில் எருசலேமில் இருந்திருக்க முடியும்.

மறைநூல் மாணவி:

பஞ்சாங்கப்பித்தன் ஐயா குறிப்பிட்ட அதே பலகைதான் அவருடைய வாதத்துக்கு எதிரான மிகப் பெரிய சாட்சி என்று கருதுகிறேன். ஆபிரகாம் சாக்ஸ், கிறிஸ்டோபர் வாக்கர் என்ற இரு அறிஞர்கள் 1984இல் அதை வெளியிட்டு ஆராய்ந்தபோது சுட்டிக்காட்டியது இதைத்தான்: அந்தப் பலகை இரு கோள்களும் ஒரே ராசியில் இருப்பதைச் சொல்கிறதே தவிர, அவை நெருங்கிவரும் நாள்களைக் குறிக்கவே இல்லை. அரிய நிகழ்வு என்று நமக்குத் தோன்றுவது, அதைக் கணித்தவர்களுக்குத் தனியே எழுதத்தக்கதாகத் தோன்றவில்லை.

மீன ராசி யூதருக்குரியது என்னும் செய்தியும் பிற்காலத்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் அபர்பனேல் அவ்வாறு எழுதினார். அதைப் பதினைந்து நூற்றாண்டுகள் பின்னுக்குத் தள்ளி ஞானிகளின் மனத்தில் வைப்பது முறையல்ல. ஞானிகளின் காலத்துக்கு அருகில் இருந்த வானியல், சோதிட அறிஞர் தொலமி, யூதேயாவை மேஷ ராசியின் கீழ் வைக்கிறார். ஒரு சோதிட நிகழ்வைத் தேடுவதானால் மேஷத்தில் அல்லவா தேட வேண்டும்?

இன்னொரு பொதுப் பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஞானிகள் நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து பாலைவனத்தைக் கடந்தார்கள் என்பது வாழ்த்து அட்டைகளின் செய்தி. மத்தேயு அவ்வாறு எழுதவில்லை. அவர்கள் கண்டார்கள், யூதரின் தலைநகருக்கு வந்தார்கள், அங்கே வழி கேட்டார்கள். நட்சத்திரம் வழிகாட்டியிருந்தால் கேட்டிருக்கவே வேண்டாம். எத்தனை பேர் வந்தார்கள் என்றும் அவர் கூறவில்லை. மூன்று என்பது காணிக்கைகளின் எண்ணிக்கையிலிருந்து வந்தது.

புதியவன்:

கி.மு. 2இல் சுக்கிரனும் குருவும் ஒட்டிக்கொண்டதுதான் அந்த நட்சத்திரம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

விண்நோக்கி:

பேச வேண்டியதுதான், தம்பி. காட்சி என்ற அளவில் அதுவே மிக அழகானது. கி.மு. 2 ஜூன் 17 மாலையில் மேற்கு வானில் அவ்விரண்டும் வெறுங்கண்ணால் பிரிக்க முடியாத அளவுக்கு நெருங்கின. அதற்கு முந்தைய மாதங்களில் குரு, சிம்ம ராசியின் மக நட்சத்திரத்தருகே முன்னும் பின்னுமாக மூன்று முறை கடந்திருந்தது. அரச கோள், அரச நட்சத்திரம், யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று கதை தானாகவே கூடிவிடுகிறது. பாபிலோனிலிருந்து பார்த்தவருக்கு அந்தச் சேர்க்கை யூதேயா இருக்கும் மேற்குத் திசையிலேயே தெரிந்திருக்கும். தடையாக நிற்பது வானமல்ல, ஏரோது இறந்த தேதி.

நாணயச்சேகரம்:

அந்தத் தேதியைப் பற்றி நான் எழுதுகிறேன். வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், ஏரோது இறப்பதற்குச் சற்று முன் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்ததையும், அவன் இறந்தபின் யூதரின் பஸ்கா பண்டிகை வந்ததையும் கூறுகிறார். கி.மு. 4 மார்ச் 13 அன்று பகுதிக் கிரகணம் ஒன்று இருந்தது. வழக்கமான கணக்கு அதைப் பிடித்துக்கொள்கிறது. எதிர்ப்பவர்கள், அந்தக் கிரகணத்துக்கும் பஸ்காவுக்கும் இடையில் கிடைக்கும் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் நோய், சிகிச்சை, மகனின் மரணதண்டனை, அரச இறுதிச் சடங்கு எல்லாம் அடங்குமா என்று கேட்டு, கி.மு. 1 ஜனவரி 10 அன்று நடந்த முழுக் கிரகணத்தைக் காட்டுகிறார்கள். கேள்வி நியாயமானதே, 1966இல் ஃபில்மர் என்ற ஆய்வாளர் அதை எழுப்பியதிலிருந்து இன்றுவரை அதற்கு ஆதரவாளர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஏரோதுக்குப் பின் ஆண்ட மூன்று மகன்களின் ஆட்சிக் கணக்கையும் இவர்கள் தள்ள வேண்டியிருக்கிறது. அர்கெலாவு தன் பத்தாம் ஆண்டில், கி.பி. 6இல் நாடு கடத்தப்பட்டான். பிலிப்பு முப்பத்தேழு ஆண்டுகள் ஆண்டு, ரோமப் பேரரசர் தீபேரியுவின் இருபதாம் ஆண்டில் இறந்தான். அந்திப்பாவின் நாற்பத்து மூன்றாம் ஆண்டு பொறித்த நாணயங்கள் உள்ளன. அவன் பதவி இழந்தது கி.பி. 39இல். மூவரின் கணக்கும் கி.மு. 4இலேயே போய்ச் சேர்கின்றன. மகன்கள் தந்தை உயிரோடிருந்த ஆண்டுகளையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள் என்று ஒரு சமாதானம் கூறப்படுகிறது. மூன்று பேரும் ஒரே அளவுக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நம்புவதைவிட, ஒரு மாதத்துக்குள் பல காரியங்கள் நடந்தன என்று நம்புவது எனக்கு எளிதாக இருக்கிறது. எனவே கி.மு. 2 சேர்க்கையை நான் ஏற்கவில்லை. பிறப்பு, இரண்டு வயது என்னும் வரம்பையும் சேர்த்துப் பார்த்தால், கி.மு. 7க்கும் 5க்கும் இடையில்தான் இருக்க வேண்டும்.

ஆறாம் நூற்றாண்டில் தியோனீசியு எக்சிகுவு வகுத்த ஆண்டுக் கணக்கால்தான் கிறிஸ்து 'கிறிஸ்துவுக்கு முன்' பிறந்த விசித்திரம் நமக்கு வாய்த்திருக்கிறது.

நெல்லைவாசகன்:

கி.மு. 7 முதல் 5 வரை என்றால், சீனர்கள் குறித்த கி.மு. 5ஆம் ஆண்டு விண்பொருள் அந்த எல்லைக்குள் வருகிறதே. அதை யாராவது எடுத்துப் பேச முடியுமா?

விண்நோக்கி:

ஹான் வமிசத்து வரலாற்று ஏட்டில் அந்தக் குறிப்பு இருக்கிறது. கி.மு. 5 மார்ச்-ஏப்ரல் காலத்தில், இன்று மகர ராசி என்று நாம் அழைக்கும் பகுதியில், துடைப்ப நட்சத்திரம் ஒன்று தோன்றி எழுபது நாள்களுக்கு மேல் தெரிந்தது. அந்தப் பருவத்தில் மகரம் விடியலுக்கு முன் கிழக்கில் எழும். துடைப்பம் என்பது வாலுள்ள பொருளைக் குறிக்கும் சொல்லாகையால் 1991இல் காலின் ஹம்ஃப்ரீஸ் அதை வால்மீன் என்று வாதிட்டார். அதன் நகர்வு எதுவும் குறிக்கப்படாததால் அது நோவாவாக, அதாவது திடீரென ஒளி பெருகிய விண்மீனாக, இருக்கலாம் என்று கிளார்க், பார்கின்சன், ஸ்டீஃபன்சன் மூவரும் 1977இல் எழுதியிருந்தார்கள். எழுபது நாள் நகராத வால்மீன் இருக்க முடியாது. ஆனால் நகர்வை எழுதாமல் விட்ட எழுத்தர் இருக்க முடியும். ஆகவே இதை முடிவு செய்ய வழியில்லை.

வால்மீன் விளக்கத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அந்தக் கால எழுத்தாளர்கள் வால்மீனைப் பற்றி ஒரு நகரின் மேல் 'நின்றது' என்று சாதாரணமாகவே எழுதினார்கள். எருசலேம் அழியுமுன் வாள் போன்ற நட்சத்திரம் நகரின் மேல் நின்றது என்கிறார் யோசேப்பஸ். கி.மு. 12இல் தோன்றிய வால்மீன், நாம் ஹாலி என்று அழைப்பதேதான், ரோமாபுரியின் மேல் பல நாள் தொங்கியது என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் கேசியஸ் டியோ. நட்சத்திரம் முன்சென்று நின்றது என்னும் மத்தேயுவின் 9ஆம் வசனத்தை வேறு எந்த வானியல் விளக்கமும் இவ்வளவு அருகில் நெருங்கவில்லை. ஹாலி வால்மீனே அந்த நட்சத்திரம் என்பது மட்டும் பொருந்தாது; அது ஐந்து ஆண்டுகளாவது முந்தியது. 1301இல் அது மீண்டும் வந்து சில ஆண்டுகளில் ஓவியர் ஜோத்தோ பதுவா நகரச் சிற்றாலயத்தில் தொழுவத்தின் மேல் ஒரு வால்மீனைத் தீட்டியதிலிருந்து, அந்தக் கற்பனை ஐரோப்பியக் கண்ணில் பதிந்துவிட்டது.

மறைநூல் மாணவி:

வால்மீன் தீய சகுனம் என்பதால் இதை நிராகரிப்பவர்கள் உண்டு. கிறிஸ்தவ இறையியலாளர் ஒரிஜன் மூன்றாம் நூற்றாண்டிலேயே இதற்குப் பதில் கூறிவிட்டார்: நற்காரியங்களுக்கும் வால்மீன் தோன்றியதாக ஸ்தோயிக்கு அறிஞர் கைரேமோன் எழுதியிருக்கிறார் என்று காட்டி, பெத்லகேம் நட்சத்திரமும் வால்மீன் வகையைச் சேர்ந்த புதிய நட்சத்திரம் என்றே அவர் கருதினார். யூலியு சீசர் கொல்லப்பட்ட கி.மு. 44இல் தோன்றிய வால்மீனை அவருடைய ஆன்மா விண்ணேறியதாக மக்கள் கொண்டாடினார்கள். அகுஸ்து அதை நாணயங்களில் பொறித்தார். ஆகவே சகுனத்தின் பேரில் அதைத் தள்ள வேண்டாம். தள்ளுவதானால் நெல்லைவாசகன் ஐயாவின் முதல் நிபந்தனையின் பேரில் தள்ளலாம்: எழுபது நாள் கிழக்கில் நின்ற வால்மீனை ஏரோது எப்படிக் காணாதிருந்தான்?

நாணயச்சேகரம்:

அந்த நிபந்தனைக்கு முழுமையாகக் கட்டுப்படும் விளக்கம் ஒன்றே ஒன்றுதான். அமெரிக்க வானியலாளர் மைக்கேல் மோல்னர் 1999இல் முன்வைத்தது அது. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவில் வெளியான ஒரு நாணயத்தில், பாயும் ஆட்டுக்கடா தலையைத் திருப்பி ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கிறது. அதை வாங்கிய மோல்னர் அங்கிருந்து மேஷ ராசிக்கும், தொலமியின் யூதேயாவுக்கும் போய்ச் சேர்ந்தார். கி.மு. 6 ஏப்ரல் 17 அன்று குரு மேஷத்தில் சூரியனின் ஒளியிலிருந்து விலகி விடியற்காலையில் உதயமானது; அதே நாளில் சந்திரன் அதை மறைத்தது. அந்தக் காலச் சோதிட விதிகளின்படி இது அரசன் பிறக்கும் அமைப்பு என்பது அவர் வாதம். பிற்பாடு குரு வக்கிரமடைந்து, நின்று, மீண்டும் முன்னேறியது. முன்சென்று நின்ற நட்சத்திரத்தை அவர் அதில் காண்கிறார்.

மேஷத்தைக் கேட்ட மாணவி அம்மாவுக்கு இதோ மேஷம். எருசலேம் மக்கள் ஒன்றும் காணாததற்கும் விடை கிடைக்கிறது. 2014இல் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் வானியலாளரும் வரலாற்றாய்வாளரும் இறையியலாளரும் கூடி விவாதித்ததற்கு இந்த விளக்கமே முக்கியக் காரணம்.

மறைநூல் மாணவி:

மோல்னரின் விளக்கம், நட்சத்திரத்தைக் கண்டோம் என்னும் 2ஆம் வசனத்தைத் தாங்குகிறது. 9ஆம் வசனத்தில் உடைகிறது. குரு ஒரு ராசியில் 'நிற்பது' விண்மீன்களுக்கிடையே நிற்பது. அன்றிரவும் அது கிழக்கில் எழுந்து மேற்கில் மறையத்தான் செய்யும். எருசலேமிலிருந்து பெத்லகேம் தெற்கே ஒன்பது கிலோமீட்டர் அளவு. இரண்டு மணி நேர நடை. அதற்குள் வானிலுள்ள எந்தப் பொருளும் முப்பது பாகை மேற்கே சரிந்துவிடும். ஓர் ஊரைக்கூட அதனால் சுட்ட முடியாது. மத்தேயு பேசுவதோ ஒரு குழந்தை இருந்த இடத்தை. ஊரை ஏற்கனவே வேதபாரகர் சொல்லிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். 9ஆம் வசனத்தில் நட்சத்திரத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வேலை அந்த இடத்தைக் காட்டுவதுதான். அதைச் செய்ய எந்தக் கோளாலும் வால்மீனாலும் முடியாது.

நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் இதைத் தெளிவாகக் கண்டார். வடக்கிலிருந்து தெற்கே போகிறது, பகலில் தெரிகிறது, மறைந்து மீண்டும் தோன்றுகிறது, இறங்கிவந்து வீட்டைக் காட்டுகிறது. ஆகவே இது நட்சத்திரமே அல்ல, நட்சத்திர வடிவம் எடுத்த ஒரு தெய்வீக ஆற்றல் என்று பிரசங்கித்தார். நம்பிக்கையாளருக்கு அது நேர்மையான விடை. கெப்ளருக்குப் பின் வந்தவர்களைவிட அவர் வசனத்தை ஒழுங்காக வாசித்திருக்கிறார்.

நம்பிக்கையை ஒதுக்கி வாசிப்பவருக்கும் ஒரு நேர்மையான விடை இருக்கிறது. எகிப்தின் வல்லமையை ஒடுக்கும் ஒரு பிள்ளை பிறக்கும் என்று வேதியன் ஒருவன் பார்வோனிடம் கூறியதால்தான் குழந்தைகள் கொல்லப்பட்டார்கள் என்று, மோசேயின் பிறப்பைப் பற்றி யோசேப்பஸ் எழுதுகிறார். யாத்திராகமத்தில் அந்த வேதியன் இல்லை. மத்தேயுவின் சமகாலத்தில் மோசேயின் கதை இந்த வடிவத்தில் வழங்கியது என்பதற்கு அதுவே சான்று. கி.பி. 66இல் ஆர்மீனிய அரசன் திரிதாத்தேஸ் கிழக்கிலிருந்து வந்து நீரோவைப் பணிந்து, வேறு வழியாகத் திரும்பிச் சென்றதை டியோ பதிவு செய்கிறார். அவனுடன் மாகியர் (மத்தேயு ஞானிகளுக்கு வழங்கும் பெயரும் இதுவே) இருந்ததாக ரோம எழுத்தாளர் பிளினி கூறுகிறார். இத்தனை இழைகள் கையிலிருந்த ஆசிரியருக்கு நட்சத்திரத்தை வானில் தேட வேண்டியிருந்திருக்காது.

பஞ்சாங்கப்பித்தன்:

அப்படியே புனைவு என்றால் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம் உதிக்கும் என்னும் பிலேயாமின் வாக்கு எண்ணாகமம் 24:17இல் இருக்கிறது. கி.பி. 132இல் ரோமருக்கு எதிராக எழுந்த சிமோனை 'நட்சத்திர மகன்' என்று அழைத்ததும் அந்த வாக்கைக் கொண்டுதான். அதே அதிகாரத்தில் மீகாவையும் ஓசியாவையும் எரேமியாவையும் மேற்கோள் காட்டும் மத்தேயு, நட்சத்திரத்துக்கென்றே தைத்துவைத்தது போன்ற இந்த வசனத்தைத் தொடவில்லை. வாக்கிலிருந்து கதை பிறந்திருந்தால் வாக்கை விட்டிருப்பாரா? போதாததற்கு, நட்சத்திரம் பார்ப்போரை ஏசாயா 47ஆம் அதிகாரம் பரிகசிக்கிறது. யூத வாசகருக்கு எழுதும் ஒருவர் அத்தகையவர்களை முதல் வணக்கத்தாராக நிறுத்துவது, அவருக்கு அப்படி ஒரு செய்தி கிடைத்திருந்தாலொழிய விளங்கவில்லை.

மறைநூல் மாணவி:

வலுவான வாதம்; ஆனாலும் செய்தி கிடைத்தது என்பதுவரைதான் அது செல்லும். அந்தச் செய்தியில் இருந்தது குருவா, துடைப்ப நட்சத்திரமா என்பதைக் கூற அதற்கு இயலாது. இயேசுவின் பிறப்பை எழுதிய மற்றொரு நற்செய்தியாளரான லூக்கா ஞானிகளையும் அறியவில்லை, நட்சத்திரத்தையும் அறியவில்லை.

புதியவன்:

இவற்றை எங்கள் வீட்டுக் கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற வான்காட்சி மென்பொருளில் பார்க்க முடியுமா? கி.மு. 7 என்று இட்டால் கோள்கள் ஒன்றாகவே இல்லை.

விண்நோக்கி:

வானியல் கணக்கில் பூஜ்ஜிய ஆண்டு உண்டு, வரலாற்றுக் கணக்கில் இல்லை. ஆகவே ஒன்றைக் குறைத்து இட வேண்டும். கி.மு. 7க்கு −6, கி.மு. 6க்கு −5, கி.மு. 2க்கு −1. நாள்களை நாங்கள் எழுதியபடியே இடுங்கள். பழைய காலத்துக்கு அந்த மென்பொருள் ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றுகிறது. இடத்தைப் பாபிலோனுக்கு மாற்ற வடக்கு 32.5, கிழக்கு 44.4 என்று கொடுக்கவும். −1 ஜூன் 17 மாலையில் சூரியன் மறைந்தபின் மேற்கே பார்த்தால் சுக்கிரனும் குருவும் ஒரே புள்ளியாகத் தெரியும். −6ஐ மே முதல் டிசம்பர் வரை ஓட்டினால் மீனத்தில் குரு சனியைக் கடந்து, திரும்பி, மறுபடி கடப்பதைக் காணலாம்.

மோல்னருடையதைப் பார்க்க இடத்தை எருசலேமுக்கு மாற்றி (வடக்கு 31.8, கிழக்கு 35.2), −5 ஏப்ரல் 17 நண்பகலை வைக்கவும். வானம் நீலமாக இருக்கும், ஒன்றும் தெரியாது. வளிமண்டலத்தை நீக்கும் பொத்தானை அழுத்தியபின்தான் மெல்லிய பிறையும் குருவும் சூரியனின் பக்கத்தில் தென்படும். ஞானிகளுக்கு அந்தப் பொத்தான் இல்லை. சந்திரன் குருவை மறைத்ததை அவர்கள் அறிந்திருந்தால் கணக்குப் போட்டே அறிந்திருக்க வேண்டும்.